பழைய கணினியும் புதிய விளையாட்டும்

லாபிஸ் பட்டணத்தைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டில் ஒரே ஒரு கணினி. யாரோ பயன்படுத்தி விற்றதை அப்பா சிகாமட்டில் வாங்கி வந்தார். அதில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாள் அந்த இயங்குதளத்தைக் கைகழுவியது. இரண்டே மாதத்தில், மார்ச் 18-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாடே கணினி முன் உட்கார்ந்த காலத்தில் எங்கள் கணினி கேட்பாரற்றுக் கிடந்தது. ஆனாலும் ஓடியது. என் பாடமும் தம்பியின் விளையாட்டும் அதில்தான்.

நான் பல்கலைக்கழகம் வந்த பிறகு கணினி முழுக்கத் தம்பியின் வசமானது. 2024 ஜனவரி முதல் நாளோடு ஸ்டீம் விளையாட்டுக் கடையும் விண்டோஸ் 7-க்கான ஆதரவை நிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஸ்டீமுக்குள் குரோம் உலாவியின் பகுதி ஒன்று இருக்கிறது. குரோம் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. புதுக் கணினி வாங்கலாமே என்பீர்கள். அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,500 ரிங்கிட். விளையாட்டு ஓடும் கணினியின் விலை அதற்கும் மேல்.

அந்த ஆண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். பையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா, புது கேம் திறக்க மாட்டேங்குது. என்னமோ கெர்னல்32-ன்னு வருது."

ஸ்டீம் வழியாக அல்லாமல், தனிக் கோப்பாக வாங்கிய விளையாட்டு அது. ஆடம்பரமான வரைகலை ஏதும் இல்லை. திரையில் வந்த செய்தியை இருவரும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். 'கெட் சிஸ்டம் டைம் பிரிசைஸ்' என்று தொடங்கும் நீண்ட பெயர் ஒன்று கெர்னல்32 கோப்பில் இல்லையாம். தேடிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. விளையாட்டு கேட்டதெல்லாம் "இப்போது மணி என்ன?" என்பதே! மைக்ரோநொடிக்கும் நுணுக்கமாக மணி சொல்லும் அந்தச் செயற்கூறு விண்டோஸ் 8-இல்தான் வந்தது. விண்டோஸ் 7-க்கும் மணி சொல்லத் தெரியும். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல் தெரியாததால் முழு விளையாட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

இப்படி விடுபட்ட செயற்கூறுகளை இட்டு நிரப்புவதற்காகவே ஆர்வலர் ஒருவர் எழுதிய விஎக்ஸ்கெக்ஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவி, விளையாட்டுக் கோப்பின் பண்புகளில் ஒரு கட்டத்தைக் குறியிட்டோம். திறந்தது. தம்பி போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

எல்லாச் சுவரும் இப்படி இடிந்துவிடாது. ஆயினும் சில சுவர்கள் கட்டியவர்களின் விருப்பத்தால் மட்டுமே நிற்கின்றன. 2007-இல் ஹாலோ 2 விண்டோஸ் விஸ்தாவுக்கு மட்டும் என்றார்கள். ஆர்வலர்கள் அதை எக்ஸ்பி-யில் ஓட்டிக் காட்டினார்கள். டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10-க்கே உரியது என்ற மைக்ரோசாப்டே 2019-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் விளையாட்டுக்காக அதை விண்டோஸ் 7-க்குக் கொண்டுவந்தது. 2020-இல் வெளிவந்த சைபர்பங்க் 2077-உம் விண்டோஸ் 7-இல் ஓடியது. 2022 ஜூனில் அந்த ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். மாறாக, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் இணையப் போட்டி விளையாட்டுகளில் இந்த ஒட்டு வேலை எடுபடாது. ஒட்டையே ஏமாற்று என்று எண்ணிக் கணக்கை முடக்கிவிடவும் கூடும்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அம்மா மின்கட்டணமும் வங்கி வேலையும் பார்ப்பது அதே கணினியில். 2020-க்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அதில் அடைபடாமலே இருக்கின்றன. விளையாட்டு ஓடுவதால் கணினி பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடாதே! அன்றிரவே வங்கிக் கணக்கை அம்மாவின் கைப்பேசிக்கு மாற்றினேன். கணினியில் சேமித்திருந்த கடவுச்சொற்களை அழித்தேன். விளையாடும்போது இணையத்தைத் துண்டித்துவிட வேண்டும் என்றதும் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவனே கம்பியைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தான்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது. கடந்த விடுமுறையில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறதாம். தம்பி அதைத் திறக்கும் முன்பே கேட்டான்:

"இதுல பேங்க் வேலை பாக்குறீங்களாண்ணே?"