உறங்கும் விலங்கு

மொன்ஸ்ரர் ஹன்ரர் என்னும் யப்பானிய வீடியோ விளையாட்டு 2004 ஆம் ஆண்டிலே தோன்றியது. பேருருக் கொண்ட விலங்குகளைத் தேடிச் சென்று வேட்டையாடுதலே அதன் பொருள். 2009 இல் மேல்நாடுகளில் வெளிவந்த பிரீடம் யுனைற் என்னும் அதன் கையடக்கப் பதிப்பை நாம் பல மாதங்கள் விடாது ஆடியதுண்டு. அவ்வழி வந்த ரைஸ் என்னும் பதிப்பு அண்மையில் எமது கைக்குக் கிட்டியது. நின்ரெண்டோ சுவிற்ச் கருவிக்கென 2021 மார்ச் 26 ஆம் திகதி வெளியானதாகலின் அதனைப் புதியதென்று கூறுதற்கில்லை, எமக்குப் புதியது.

முதலில் வியப்பூட்டுவது வேகம். ஒரு சிறு பூச்சி இழையொன்றை வானில் நீட்ட, வேடன் அதனைப் பற்றிப் பாறையுச்சிக்குத் தாவுகின்றான். ஏறிச் செல்ல ஒரு நாயும் உண்டு. அதன் முதுகிலிருந்தபடியே மருந்து குடிக்கலாம், வாளும் தீட்டலாம். பழைய வேடனோ மருந்தைக் குடித்ததும் அசையாது நின்று புயத்தை மடக்கி வீரம் காட்டுவான். அந்தக் கணம் பார்த்து விலங்கு அவனை உருட்டிவிடும்! மண்ணை அகழும் பிக்காசு உடைந்து போவதும், பாலைநிலத்து வெப்பந் தணிக்கப் பானம் சுமப்பதும் இப்பொழுது இல்லை. அவை ஒழிந்தது நன்றே. ஆயின், விலங்கு நிற்குமிடத்தை ஓர் ஆந்தை வானிலிருந்து கண்டு தேசப்படத்திற் குறித்துவிடுவது எமக்கு உவப்பாயில்லை. முன்னர் நாமே தேடியலைந்து, கண்டதும் நிறக்குண்டொன்றை எறிந்து அடையாளமிடுவோம். அவ்வடையாளமும் சிறிது நேரத்தில் அழிந்துவிடும். தேடாத வேட்டை பாதி வேட்டையே.

இக்குறையை மறக்கச் செய்பவை விலங்குகள். யப்பானியர் தம் பாட்டிமார் கதைகளிலிருந்து பலவற்றை எடுத்திருக்கின்றனர். பழங்குடை பேயாகி ஒற்றைக் காலில் துள்ளுமென்பது அவர்தம் கதை. இங்கே கொண்டையைக் குடைபோல் விரித்து ஒற்றைக் காலில் நிற்கும் பறவையொன்று எதிர்ப்படுகின்றது. ஆற்றிலே வாழும் கப்பா என்னும் பூதம், சரளைக்கல் விழுங்கி வயிறு பருக்கும் நீர்விலங்காய் வருகின்றது. தெங்கு என்னும் மலைப்பூதமோ (பெயர் தென்னையை நினைவூட்டினும் தொடர்பொன்றுமில்லை) வாலிலே நின்று பழங்களை வீசும் சிறகுடைய குரங்காகின்றது. எமது பனந்தோப்புப் பேய்களுக்கு இத்தகைய நல்வாழ்வு இன்னும் வாய்க்கவில்லை.

விலங்கின் உயிர் எவ்வளவு எஞ்சியுள்ளதென்று காட்டும் கோடு இவ்விளையாட்டிற் கிடையாது. அதன் நடையையே உற்று நோக்குதல் வேண்டும். களைத்தால் வாயில் நீர் வடியும். சாகுந் தறுவாயில் நொண்டி நொண்டித் தன் இருப்பிடஞ் சென்று உறங்கும். உறங்கும் விலங்கின்மேல் விழும் முதலடி மற்றையவற்றினும் பெரிதும் வலியது என்பது விளையாட்டின் விதி. ஆகவே தேர்ந்தோர் அக்கணத்துக்காகவே காத்திருப்பர்.

நாமும் வாளை ஓங்கினோம். அருகிருந்த மகள், பத்து வயதினள், "அப்பா, அது நித்திரை கொள்ளுதெல்லோ?" என்றாள்.

பழைய பதிப்பிலே இவ்வாறு எத்தனையோ விலங்குகளை வீழ்த்தியிருக்கின்றோம்; அப்பொழுது பக்கத்தில் எவரும் இருந்ததில்லை. கல்லூரியிலே கொல்லாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் படிப்பிக்கும் எமக்கு, படத்திலுள்ள விலங்குக்கு உயிரில்லை என்று அவளுக்கு விளக்குதல் எளிதே. ஆயினும் அது மூச்சு விடுகின்றது. முதுகு ஏறி இறங்குகின்றது. அவ்வளவு நுட்பமாக அதனைச் செய்தவர்கள் அதன்மேல் இரக்கமில்லாதவர்களாய் இருந்திருப்பர் என்று எமக்குத் தோன்றவில்லை.

வேறு வழியும் உண்டு. பொறியொன்றை வைத்து, விலங்கு அதிற் சிக்கியதும் மயக்கக் குண்டுகள் இரண்டை எறிந்தால் உயிரோடு பிடித்துவிடலாம். அன்று முதல் மகள் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் பொறியையே கையாளுகின்றோம். அவளுக்கும் மகிழ்ச்சி. பிடிபட்ட விலங்கின் செதிளும் நகமும் எமக்கு வெகுமதியாக வந்து சேருகின்றன. அவை எவ்வாறு வந்தன என்று அவள் இன்னும் கேட்கவில்லை.