சார்ஜன்ட் ஆகப் போகிறவருக்குச் சில குறிப்புகள்

ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைச் சந்திக்கு ஏறி, ஹப்புத்தளையைத் தாண்டினால் தியத்தலாவை. 1900இல் ஏறத்தாழ 5,000 போயர் கைதிகளை வெள்ளைக்காரன் கொண்டுவந்து அடைத்த ஊர். 1950இல் இலங்கை இராணுவம் புதுச் சிப்பாய்களுக்கான பயிற்சி நிலையத்தை அங்கேதான் தொடங்கியது. 1981இல் அது இராணுவக் கல்லூரியானது. இன்று அதிகாரிகளை உருவாக்கும் இடம். ஆனாலும் நாளைய லெப்டினன்டுக்குக் கால் மாற்றி நடக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு சார்ஜன்ட் வேண்டும். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். நாளைக்குச் சின்னப் பையனுக்கு சல்யூட் அடிக்கப் போகிறவர். இன்றைக்கு அவனை வாட்டி எடுக்கிறார். இந்த விசித்திரத்துக்குப் பழகுவதே பாதிப் படிப்பு.

*

சார்ஜன்ட் பயிற்சிக்குப் போகிறவர் புது ஆள் இல்லை. கோப்ரலாக ஒரு பிரிவை நடத்தியவர். ஓடத் தெரியும், சுடத் தெரியும். உடம்பு வலிக்கும்தான், அது பழகின வலி. பயப்பட வேண்டியது கரும்பலகைக்கு. துவக்கைக் கழற்றிப் பூட்ட கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. ஒரு பாடவேளை முழுக்க முன்னால் நின்று அதைச் சொல்லிக்கொடு என்றால், சண்டைக்களத்தைப் பார்த்தவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

*

மணலில் மலை கட்டச் சொல்வார்கள். நீல நூல் ஆறு, சுண்ணாம்புப் பொடி பாதை, தீக்குச்சி மரம். அதைச் சுற்றி ஆட்களை உட்காரவைத்துக் கட்டளை கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் வழிவந்த படைகளில் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: நிலம், நிலைமை, நோக்கம், எப்படிச் செய்வது, சாப்பாடும் ரவையும், யாரிடம் தகவல் சொல்வது. முதல் நாலையும் எல்லாரும் நெட்டுருப் போட்டு வருவார்கள். ஐந்தாவதில் தடுக்கி விழுவார்கள். சார்ஜன்டுடைய வேலையே அந்த ஐந்தாவதுதான்.

*

இந்த வழக்கம் வந்த பிரிட்டனில், வேல்ஸில், பிரெக்கன் என்ற மலையூர். பிரிட்டிஷ் காலாட்படையின் பிளட்டூன் சார்ஜன்ட் பயிற்சி அங்கே நடக்கிறது. மழைக்கும் குளிருக்கும் பேர்போன இடம். நம் பக்கத்து ஆளுக்கு மழை பெரிதாகத் தெரியாது. பிளட்டூனின் சுமார் முப்பது பேருக்கு முன்னால் லெப்டினன்ட் போவார். ரவை யாரிடம் குறைகிறது, காயப்பட்டவனை எந்த வழியாக இறக்குவது என்பதெல்லாம் சார்ஜன்ட் தலையில்.

*

தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கங்காணி ஆள் கணக்கு எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு சார்ஜன்ட் வேலை பாதி தெரிந்ததுதான். யார் வரவில்லை, ஏன் வரவில்லை. ஆனால் கங்காணி பேர் போட்டால் போதும். சார்ஜன்ட் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்க வேண்டும். ஈரக் காலுறைக்குள் வெளுத்துச் சுருங்கிய தோல், விரலிடுக்கில் வெடிப்பு, குதிகாலில் உடைந்த கொப்புளம். மானம் பார்த்து மறைக்கிறவன்தான் மறுநாள் எல்லாரையும் நிறுத்துவான்.

*

தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் இராணுவத்துப் பக்கம் அதிகம் போகவில்லை. ஏன் என்று கேட்பவர், தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமையை மறுத்த 1948ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை ஆயிற்று. அத்தோடு கால் நூற்றாண்டைத் தாண்டிய உள்நாட்டுச் சண்டை. இன்றைக்குப் போகிறவனுக்கும் கட்டளை பெரும்பாலும் சிங்களத்தில்தான். கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற சிங்களம் போதாது. பாடம் நடத்துகிற சிங்களம் வேண்டும். அதை முன்கூட்டியே படித்துக்கொண்டு போவது நல்லது.

*

2014 ஒக்டோபர் 29 காலை, நம் ஹல்துமுல்லைப் பிரிவிலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முன்பே எச்சரிக்கை வந்திருந்தும் ஆட்களை இடம் மாற்றவில்லை என்பது தனிக் கதை. இராணுவத்தினர் சேற்றில் இறங்கித் தேடினார்கள். காணாமற்போனவர் எண்ணிக்கையோ மாறிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஒரு சார்ஜன்டுக்குத் தேவையானவை மூன்று கேள்விகள்: லயத்தில் எந்தக் காம்பரா, எத்தனை பேர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா. ஊவாவில் வேலை பார்க்கப் போகிற எந்த சார்ஜன்டும், சிங்களவரோ தமிழரோ, இந்த மூன்றையும் தமிழில் கேட்கவும் பதிலை விளங்கிக்கொள்ளவும் பழகியிருக்க வேண்டும். ஒரு பின்னேரம் போதும் அதற்கு.