காற்றைப் பார்க்கத் தெரிந்தவர்



இந்த வாரத் தியானம் ஒரு மன்னிப்புக் கோரலில் முடியும். அது யாரிடம், எதற்காக என்று சொல்வதற்கு முன், உங்களைச் சற்று நேரம் கடலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

கடந்த சித்திரை மாத இறுதியில், இறையியல் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர்கள் மூவர் யாழ்ப்பாணம் வந்திருந்தார்கள். ஒருவர் மட்டக்களப்பில் ஊழியம் செய்பவர். மற்றொருவர் மலையகத்தில் போதகராயிருப்பவர். மூன்றாமவர் கனடாவில் ஒரு தமிழ்ச் சபையை நடத்துபவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். ஒரு நாளைத் தீவுகளுக்கென்று ஒதுக்குவது என்று முடிவாயிற்று. பயணிகள் படகின் நேரத்துக்குக் கட்டுப்படாமல் விரும்பிய தீவில் விரும்பிய நேரம் இறங்கலாம் என்பதற்காக, ஓர் இயந்திரப் படகை நானே வாடகைக்கு ஒழுங்கு செய்தேன்.

அதிகாலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். படகோட்டி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். தகப்பனோடு சிறுவயது முதல் இதே கடலில் தொழில் செய்தவர். இயந்திரத்தைத் தொடுமுன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். கடல் கண்ணாடியைப் போலிருந்தது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலின் கோபுரத்தையும் நாகதீப விகாரையின் வெண்மையையும் ஒரே பார்வையில் கண்டோம். அங்கிருந்து நெடுந்தீவு சென்றோம். முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவுகள், பருத்த பெருக்கு மரம், வெட்டவெளியில் தம் போக்கில் மேயும் குதிரைகள் ஆகியவற்றைக் கண்டு, மாணவர்களைப் போலச் சிரித்துப் பேசித் திரிந்தோம். நண்பகலுக்கு முன் புறப்பட வேண்டும் என்று படகோட்டி சொல்லியிருந்தார். நாங்கள் படகுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை.

அடுத்து அனலைதீவுக்குச் செல்வது எங்கள் திட்டம். கனடா நண்பரின் தகப்பனார் அங்கே பல ஆண்டுகள் ஆசிரியராயிருந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது நண்பரின் நெடுநாளைய ஆசை. இரண்டு நாளில் அவர் கனடா திரும்ப வேண்டும். கட்டாயம் கூட்டிச் செல்வேன் என்று நான் வாக்களித்திருந்தேன்.

படகோட்டி தெற்கையும் மேற்கையும் சற்று நேரம் பார்த்தார். பின்பு என்னிடம் வந்து, "ஐயா, இண்டைக்கு அனலைதீவு வேண்டாம். சோளகம் எழும்புது. நயினாதீவின்ரை மறைவாலை நேரை குறிகட்டுவானுக்குப் போயிடுவம்" என்றார்.

நான் சிரித்தேன். "தம்பி, பயப்பிடாதையும். நாலு போதகமார் இருக்கிறம். கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்றேன். நண்பர்களும் சிரித்தார்கள். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். மறுவார்த்தை சொல்லாமல் நங்கூரக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்.

அன்பானவர்களே, அந்த மௌனத்தை அப்போது நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஏன் பேசவில்லை என்பது இப்போது விளங்குகிறது. நான் வயதில் மூத்தவன். போதகன். வாடகை கொடுப்பவன். இவை மூன்றும் போதாவென்று, கர்த்தருடைய பெயரையும் என் பக்கத்தில் சேர்த்துக்கொண்டேன். அதற்குமேல் ஓர் ஏழைத் தொழிலாளி என்ன பேச முடியும்?

பாக்கு நீரிணையின் இப்பகுதி ஆழம் குறைந்தது. ஆழமற்ற கடலில் காற்று வலுத்தால் அலை நீண்டு உருளுவதில்லை. குறுகி, நிமிர்ந்து, அடுத்தடுத்து எழும். காலையில் கண்ணாடியாயிருந்த நீர், நயினாதீவின் மேற்குப்புறத்தை நாங்கள் அணுகியபோது முற்றிலும் வேறாயிருந்தது. காற்று பின்புறமிருந்து சரிவாகத் தள்ளியது. ஓர் அலை பின்பக்க விளிம்பைக் கடந்து படகுக்குள் விழுந்தது. அடுத்த அலையில் இயந்திரம் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பியது. கனடா நண்பர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, படகின் விளிம்பில் கையை ஊன்றி விழுந்தார். நால்வரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தோம். ஆனால் நால்வருக்கும் வாயில் ஜெபம் வரவில்லை. என் உள்ளத்தில் இருந்தது ஒரே எண்ணம்: இந்த மனிதர் சொன்னாரே!

அவர் எங்கள்மீது கோபிக்கவில்லை. முன்பக்கத்துக்குத் தாவி நங்கூரத்தை எறிந்தார். ஆழம் குறைவாயிருந்ததால் அது விரைவில் நிலத்தைப் பற்றியது. கயிறு இறுகியதும் படகின் முகம் காற்றை நோக்கித் திரும்பியது. அதன்பின் அலைகள் முன்புறத்தில் மோதிப் பிளந்தன. நீர் உள்ளே வருவது குறைந்தது. எங்கள் கைகளில் வாளியையும் வெட்டிய பிளாஸ்டிக் கலனையும் தந்து நீரை இறைக்கச் சொல்லிவிட்டு, அவர் இயந்திரத்தைத் திறந்து துடைத்தார். அரை மணி நேரமாயிருக்கலாம். எனக்கு அது மிக நீண்டது. இயந்திரம் மீண்டும் இயங்கியதும், எவரிடமும் கேளாமல் படகை நயினாதீவுக்குத் திருப்பினார். அப்போது நானும் வாய் திறக்கவில்லை.

இறங்குதுறைக்கு அருகே கடை வைத்திருந்த ஓர் அம்மா, நாங்கள் யார், எந்தச் சமயத்தவர் என்று விசாரியாமல் துவாய்களும் இஞ்சித் தேநீரும் தந்தார். நண்பரின் வீங்கிய கையைத் தம் சேலைத் துண்டொன்றால் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டார். கையின் எலும்பு முறிந்திருந்தது மாலையில் யாழ்ப்பாணத்தில் எக்ஸ்றே எடுத்தபோது தெரிந்தது. தகப்பனாரின் பள்ளிக்கூடத்தைப் பாராமலே, கட்டுப்போட்ட கையோடு அவர் கனடா திரும்பினார்.

குறிகட்டுவானில் பிரியும்போது படகோட்டியின் கையைப் பிடித்து, "தம்பி, என்னை மன்னிக்க வேணும்" என்றேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "கர்த்தர் பாப்பார் எண்டு நானும் நம்பிறன் ஐயா. காத்தைப் பாக்கிற கண்ணை எனக்குத் தந்தவரும் அவர்தானே."

அன்றிரவு அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதி அது. பிரசங்கிக்கும்போதெல்லாம் போதகர்களாகிய நாங்கள் பவுலின் பக்கத்திலேயே நின்றுகொள்வோம். யாருமே செவிகொடாத தீர்க்கதரிசி நாங்களே என்று எண்ணிக்கொள்வோம். அன்றிரவு முதல்முறையாக, அந்தக் கப்பலில் நான் பவுல் அல்ல என்பதைக் கண்டேன். பவுலின் பேச்சைத் தள்ளிவிட்டவர்களின் கூட்டத்தில் நான் இருந்தேன்.

கவனித்துப் பாருங்கள். கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தில் பவுல் எச்சரித்தபோது, அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாக லூக்கா எழுதவில்லை. தேவதூதன் வருவது பிற்பாடு, நம்பிக்கையெல்லாம் அற்றுப்போன பின்னரே. முதல் எச்சரிக்கையில் இருந்தது, பருவம் கடந்துவிட்டது என்ற சாதாரண அறிவும், அதற்கு முன்பே மூன்று முறை கப்பற்சேதத்தில் அகப்பட்ட ஒருவரின் அனுபவமுமே. அதற்கு எதிரே நின்றவை எவை? கப்பல் உரிமையாளரின் விருப்பம், பெரும்பாலானோரின் யோசனை, குளிர்காலத்தைக் கழிக்க இன்னும் வசதியான துறைமுகம் வேண்டும் என்ற ஆசை. மாலுமியும் அந்தப் பக்கமே நின்றான். தொழில் அறிந்தவனும் ஆசைக்கு இணங்கிவிடக்கூடும். பிறகு தென்றல் மெதுவாக வீசியது. நினைத்தது கைகூடியதென்று எண்ணிப் புறப்பட்டார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். தேவன் அவர்கள் எல்லாரையும் காத்தார். ஆனால் கப்பல் உடைந்தது. தேவனுடைய கிருபை நம் பிடிவாதத்தை மன்னிக்கிறது. பிடிவாதத்தின் விலையை எப்போதும் நீக்கிவிடுவதில்லை.

தேவாலயத்தின் உப்பரிகையில் நின்ற நம் ஆண்டவரிடம், குதித்துவிடும், தேவன் தாங்குவார் என்று வேதவசனத்தையே எடுத்துக்காட்டிப் பேசியவன் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் அதை விசுவாசம் என்று ஏற்கவில்லை. தேவனைப் பரீட்சிப்பது என்றார். நெடுந்தீவுக் கரையில் நான் சொன்ன வார்த்தையும் விசுவாசம் அல்ல. என் திட்டம் நிறைவேற வேண்டும் என்ற பெருமைக்குக் கர்த்தருடைய நாமத்தைப் போர்வையாக்கினேன்.

இனி அந்த மன்னிப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நம்முடைய சபை மண்டபத்தைக் கட்டத் தொடங்குவது பற்றிச் சபைக் குழுவில் பேசினோம். கணக்கு நன்கறிந்த ஒரு சகோதரி எழுந்து, கையிலுள்ள பணம் சுவர்களுக்கே போதும், கூரைக்குக் கடன் வாங்க நேரிடும், ஓராண்டு பொறுப்போம் என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது அன்று அங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். "விசுவாசம் வேண்டும், அம்மா" என்றேன். அவர் அமர்ந்துவிட்டார். அதன்பின் எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. மண்டபம் இன்று கூரையின்றி நிற்கிறது. கடன் மாத்திரம் வளர்கிறது. படகோட்டியை அடக்கிய அதே குரலால்தான் அந்தச் சகோதரியையும் அடக்கினேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு உள்ளே சென்று ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தார். மூன்று ஆண்டுகளாக நம் மண்டபத்தின் வரவையும் செலவையும் ஒருவரும் கேளாமலே அவர் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய அனுமதியோடே இதை உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த சபைக் குழுவில் முதலில் பேசப்போகிறவர் அவரே. அவரை அன்று பேசவிடாமல் செய்ததற்காக, சபையாராகிய உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பிரியமானவர்களே, அச்சத்தில் பிறக்கும் ஒவ்வொரு சொல்லும் தேவனுடைய எச்சரிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆராய்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆராயாமலே ஒருவரை வாயடைக்க நாம் கர்த்தருடைய நாமத்தை எடுப்போமானால், அங்கே நின்று யோசிப்போம். உங்கள் வீட்டில் கடனைக் குறித்து எச்சரிக்கும் மனைவி இருக்கலாம். மார்பு வலியைக் கவனியுங்கள், அப்பா என்று கெஞ்சும் மகள் இருக்கலாம். ஜெபித்திருக்கிறேன், எல்லாம் சரியாகும் என்று அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்களா? இந்த வாரம் அவர்களில் ஒருவரிடம் சென்று, அன்று சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, உம்முடைய நாமத்தால் நாங்கள் அடக்கிவிட்ட குரல்களை எங்களுக்கு நினைப்பூட்டும். எங்களோடு ஒரே படகில் இருப்பவர்களுக்கு நீர் தந்த கண்களை மதிக்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். ஆமென்.

உங்கள் போதகர்