ஐரோப்பாவுக்கு ஆறு மாதம் முன்னால்...

திருச்சியில் ஒரே பள்ளியில் படித்த தோழிகள் அவர்கள். இருவருக்கும் வயது 60. ஒருவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். இன்னொருவர் கல்யாணமான நாளிலிருந்து வீட்டோடு இருப்பவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். சென்ற ஜனவரியில், பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு, "இந்த வருஷம் யூரோப் போயிடணும்டி" என்று முடிவு செய்தார்கள்.

டூர் கம்பெனியோடு போக வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. 12 நாளில் ஏழு நாடு என்றால், பஸ்ஸில் தூங்கி விழித்த நேரமெல்லாம் ஐரோப்பா என்றுதான் அர்த்தம். டீச்சர் ஒரு நோட்டில் கட்டம் போட்டார். மொத்தம் 14 இரவுகள். பாரிஸ் நாலு, ஸ்விட்சர்லாந்தில் லூசர்ன் நாலு, பிறகு இத்தாலியில் மிலன், ஃபிளாரன்ஸ், ரோம் சேர்த்து ஆறு. அதிக நாள் இத்தாலியில் என்பதால், விசாவும் இத்தாலியிடம்தான் கேட்க வேண்டும். ஷெங்கன் விசா 29 நாடுகளுக்கும் ஒன்றுதான் என்றாலும் கணக்கு அப்படி. நாள் சமமாக இருந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்ன நாட்டில் விண்ணப்பித்துவிட்டு வேறெங்கோ சுற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

லூசர்னிலிருந்து மிலன் போகும் ரயில்தான் டீச்சருக்கு மிகவும் பிடித்த பகுதி. வேகமான ரயில் 57 கிலோமீட்டர் நீள கோட்டார்ட் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். ஆனால் உள்ளே இருட்டைத் தவிர என்ன இருக்கிறது? பழைய மலைப்பாதை ரயிலில் போனால் நேரம் கூடும். ஆனால், வாசன் என்ற கிராமத்தில் பாதை சுருள் சுருளாக ஏறுவதால், ஒரே தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களில் மூன்று முறை கண்ணில் படும். "இதை போர்டுல வரைஞ்சா பிள்ளைங்க நம்பாதுடி" என்றார் டீச்சர். மலைப்பாதையே முடிவானது.

ரயில், ஹோட்டல் எல்லாம் பேசி முடித்த பிறகு, விசா படிவத்தில் ஒரு கேள்வியில் வண்டி நின்றது. பயணச் செலவை யார் ஏற்கிறார்கள்? விண்ணப்பதாரரா, ஸ்பான்சரா?

"ஸ்பான்சர்னு என் பேரைப் போட்டுடு. அப்புறமா பாத்துக்கலாம்" என்றார் டீச்சர். அன்போடு சொன்னதுதான்.

"உன் காசுல வந்தா, அங்க ஒரு காபி குடிக்கக்கூட உன் முகத்தைப் பாக்கணும். நான் வரலை" என்றார் தோழி.

கணவர் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். அதில் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. அவரும் உடனே பேனாவை எடுத்தார். "எல்லா பேப்பர்லயும் உங்க கையெழுத்துதாங்க இருக்கு. இது ஒண்ணுல என்னது இருக்கட்டுமே" என்றார் தோழி. அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை மனைவியின் பான் கார்டைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

தோழியிடம் பணம் இல்லாமல் இல்லை. தையல் காசு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யிலும் அரிசி டப்பாவிலுமாகச் சேர்ந்திருந்தது. வங்கிக் கணக்கில்தான் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று மூன்று லட்சம் வந்து விழுந்தால், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆர்.டி. முதிர்ந்து கணக்குக்கு வர வேண்டும். தையல் வருமானம் மாதாமாதம் அதில் ஏற வேண்டும். வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம் என்று ஆடிட்டர் சொன்னதையும் செய்ய வேண்டும். ஆக, மே மாதப் பயணம் செப்டம்பருக்குத் தள்ளிப்போகும்.

டீச்சருக்குக் கோபம் வந்தது. காரணம் இருந்தது. அவருடைய முழங்காலுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதம் என்பது அவருக்குச் சும்மா நாலு மாதம் இல்லை. ஒரு வாரம் இருவரும் போனில்கூடப் பேசவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலான சிநேகம், ஒரு படிவத்தின் கட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

எட்டாம் நாள் டீச்சர்தான் போன் செய்தார். மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் இல்லை. "செப்டம்பர்னு நோட்டுல திருத்திட்டேன். பாரிஸ்ல லிஃப்ட் இருக்கிற ஹோட்டலாத்தான் பாக்கணும், கொஞ்சம் கூட ஆகும். உனக்குக் கட்டுமா?" என்று கேட்டார். கட்டும் என்றார் தோழி. பணம் பற்றிய இந்தப் பேச்சை எல்லோரும் விமானம் ஏறிய பிறகுதான், அதுவும் பில் வந்த பிறகுதான் தொடங்குவார்கள். இவர்களுக்கு ஊரிலேயே முடிந்துவிட்டது. பாத்திரக் கடை நோட்டு மாதிரி பொதுச் செலவுக்கு ஒரு பக்கம், அவரவர் செலவுக்கு ஒரு பக்கம்.

அதன்பின் மற்றவை மளமளவென நடந்தன. விசா வரும்வரை பணம் போடாமல் ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களை மட்டும் பதிவு செய்தார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பழைய முழங்கால் வலி தங்கள் பாலிசியில் சேராது என்பதைப் பொடி எழுத்தில் படித்துக் கண்டுபிடித்தவர் தோழி. செவ்வாய்க்கிழமை லூவ்ர் மியூசியம் மூடியிருக்கும் என்பதால் பாரிஸ் நாள்கள் இடம் மாறின. இந்தியாவிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்ததும், சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து நெய்யும் பால்கோவாவும் அடிபட்டன. பருப்புப் பொடி தப்பித்தது. நெய் இல்லாமல் பருப்புப் பொடியா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வரும் வாரம் கைரேகை கொடுக்க, பல்லவனில் சென்னைக்குப் போகிறார்கள். விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. கிடைக்காவிட்டால் திரும்ப வராது. இரண்டு பேரின் ஃபைலையும் தானே வைத்துக்கொள்வதாக டீச்சர் சொல்லிப் பார்த்தார். தோழி கொடுக்கவில்லை. ஆறு மாத ஸ்டேட்மென்ட், வங்கி சீலோடு, அவருடைய கைப்பையில்தான் இருக்கிறது.