வலது சக்கரமும் ஒரு கட்டாய உத்தரவும்

விமானக் கம்பெனிகளுக்கு இரண்டு வகைக் கடிதம் வரும். ஒன்று, விமானம் செய்தவர்கள் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின். "இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" ரகம். இன்னொன்று ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ். இது அரசின் விமானத்துறை போடும் உத்தரவு. சொன்ன வேலையைச் சொன்ன கெடுவுக்குள் முடிக்காவிட்டால் விமானம் பறக்கக்கூடாது, அவ்வளவுதான். செலவு யார் தலையில் என்ற பேச்சே கிடையாது (காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்!).

இந்த உத்தரவு எதுவரை காப்பாற்றும்? 2007-ல் ஸ்காண்டிநேவியாவில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

எஸ்.ஏ.எஸ். என்ற விமானக் கம்பெனியிடம் கனடாவின் பம்பார்டியர் செய்த டேஷ்-8 க்யூ400 விமானங்கள் 27 இருந்தன. செப்டம்பர் 9 அன்று அதில் ஒன்று டென்மார்க்கின் ஆல்போர்க்கில் இறங்கியபோது வலது பக்கச் சக்கரம் மடங்கிவிட்டது. ப்ரொப்பெல்லர் தரையில் மோதி உடைந்து, துண்டு ஒன்று பயணிகள் இருக்கும் பகுதிக்குள்ளேயே பாய்ந்தது. மூன்றே நாள்... செப்டம்பர் 12, லிதுவேனியாவின் வில்னியஸில் இன்னொரு க்யூ400. அதே வலது சக்கரம்! இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் துரு. சக்கரத்தை ஏற்றி இறக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியும் அதன் முனையும் மரையால் இணைந்திருக்கும். அந்த மரைக்குள் துரு ஏறி, பிடி விட்டுப்போய், முனை கழன்றுவிட்டது. மரைக்குள்ளே இருக்கிற துரு வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? 10,000 முறைக்கு மேல் தரையிறங்கியவற்றை உடனே நிறுத்திவைக்கும்படி பம்பார்டியர் சொன்னது. கனடா அரசு சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதித்தார்கள், பாகங்களை மாற்றினார்கள், மறுபடி பறக்கவிட்டார்கள்.

அக்டோபர் 27. கோபன்ஹேகன். மூன்றாவது விமானம். திரும்பவும் வலது சக்கரம்தான், இந்தமுறை இறங்கவே இல்லை. விமானிகள் வலது எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

ஆனால் இதற்குக் காரணம் துரு இல்லை. கழன்றுபோன ஒரு ஓ-ரிங், ஆக்சுவேட்டருக்குள் எண்ணெய் போகும் சின்னத் துளையை அடைத்துக்கொண்டது. துருவைத் தேடச் சொன்ன உத்தரவில் இந்த ரப்பர் வளையம் எங்கே வரும்? உத்தரவைக் குறை சொல்ல முடியாது. நடந்த தவறிலிருந்துதான் அது எழுதப்படுகிறது, நடக்காததை அதற்குத் தெரியாது.

பயணிகளிடம் போய் "இது வேறு காரணம்" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா என்ன? மறுநாளே 27 விமானங்களையும் நிரந்தரமாக விலக்குவதாக எஸ்.ஏ.எஸ். அறிவித்தது.

பிறகு நஷ்டஈட்டுப் பேச்சு. 2008 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன் பகுதியாக எஸ்.ஏ.எஸ். பம்பார்டியரிடமே 27 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 14, க்யூ400-ன் புதிய மாடல்.