தாயின் நோவுக்கும் ஒரு பெயர் உண்டு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் எம் முன்னோர். பிறந்த குழந்தையைக் காண வருவோர் பலர். பெற்றவளின் உடல்நலத்தை வினவுவோர் சிலர். அச்சிலரிடத்தும் இடுப்பு மூட்டுகளின் நோவைப் பற்றி வாய்திறக்க எம் பெண்கள் கூசுகின்றனர். அக்கூச்சம் நீங்க வேண்டும் என்ற விருப்பினாலேயே இம்மலரில் இதனை எழுதத் துணிந்தோம்.

எமது இரண்டாவது மகவு பிறந்து இரண்டு மாதங்கள் கழிந்த பின்னரும், லாச்சப்பல் மெத்ரோ நிலையத்தின் படிகள் எமக்கு மலையாகவே தோன்றின. இங்கே இரண்டாம் இலக்கத் தொடருந்து நிலத்துக்கு மேலே பாலத்தில் ஓடுவதால், ஏறாமல் பயணமில்லை. ஒற்றைக் காலில் உடற்பாரம் விழும்போதெல்லாம் இடுப்பின் முன்புறத்தில் கத்தியால் கீறுவது போன்ற வலி. கட்டிலிற் புரண்டு படுக்கும்போதும் அவ்வாறே. “பிள்ளை பெற்ற உடம்பு அப்பிடித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் பிள்ளை” என்று உற்றார் ஆறுதல் கூறினர்.

இந்நோவின் காரணத்தைப் பின்னர் அறிந்தோம். இடுப்பெலும்புகள் ஒரு வளையம் போன்றவை. பின்புறம் இரு மூட்டுகளும் முன்புறம் ஒரு மூட்டும் அவ்வளையத்தை இணைக்கின்றன. கருவுற்ற காலத்தில் றிலாக்சின் முதலிய சுரப்புகள், குழந்தை வெளிவர வழிசெய்யும் பொருட்டு, இணைப்பு நார்களைத் தளர்த்துகின்றன. முன்மூட்டின் இடைவெளி இயல்பாக 4 அல்லது 5 மில்லிமீற்றர். கருவுற்ற காலத்தில் அது மேலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் விரியலாம். கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இவ்வலியை உணர்கின்றனர். பெரும்பாலோர்க்குப் பேற்றின் பின் சில மாதங்களில் அது தணிந்துவிடும். சிலர்க்குத் தணியாது நீடிக்கும்.

பிரெஞ்சு மக்கள் சுருக்கமாகக் ‘கினே’ என அழைக்கும் இயன்மருத்துவர் எமக்குக் கற்பித்தவை மிக எளியவை. மூச்சை வெளிவிட்டவாறே அடிவயிற்றையும் இடுப்புத்தளத் தசைகளையும் மெல்ல உள்ளிழுத்தல். முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் புரளுதல். அமர்ந்தபடியே உடை அணிதல். ஒவ்வொரு படியாக நின்று ஏறுதல். சிறிது காலம் இடுப்புப் பட்டி அணிதல். தளர்ந்த நார்கள் செய்யாத காவலைத் தசைகள் செய்யப் பழக்குவதே இச்சிகிச்சையின் உட்பொருள். பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் வைத்துத் தூக்கும் எமது வழக்கத்தையும் சில காலம் கைவிடச் சொன்னார். வாரங்கள் செல்லச் செல்லப் படிகள் மீண்டும் படிகளாயின.

ஊரிலே முப்பத்தொரு நாள் கழியும்வரை தாய்க்கு வேதுநீர்க் குளிப்பும் சரக்குக் கறியும் ஓய்வும் கிடைத்தன. அம்மாவும் மாமியும் அக்காமாரும் சூழ்ந்திருந்தனர். இங்கோ, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கடைப் பையுமாகத் தனித்தே நடக்கின்றோம். வேதுநீரின் வெம்மை தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆயினும் வலுவிழந்த தசைக்கு வலுவூட்டப் பயிற்சியே வேண்டும்.

இந்நாட்டில் பிள்ளை பெற்ற தாய்க்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி 10 அமர்வுகள் வரை சமூகக் காப்புறுதியில் கிடைக்கின்றது. மருத்துவரோ மருத்துவிச்சியோ எழுதித் தந்தாற் போதுமானது. 2022 யூலை முதல், பேற்றின் பின் நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் தாயுடனான உரையாடல் ஒன்று கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மூட்டு நோவையும் அங்கே தயங்காது கூறலாம். கால் மரத்தல், காய்ச்சல், சிறுநீரை அடக்க முடியாமை என்பன தோன்றின் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மொழியே பெருந்தடை. தாயின் அந்தரங்க நோவைப் பத்து வயது மகன் மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எம்மவரிடையே உண்டு. அது தாய்க்கும் பிள்ளைக்கும் சுமை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றியல் நூலையும் பிரசவ மருத்துவ நூலையும் தமிழில் ஆக்கினார். அன்றே இவற்றைப் பேசிய மொழி எமது மொழி. எனவே உடலுறுப்புகளின் பெயர்களை இரு மொழிகளிலும் முதலில் நாமே கற்போம், கணவன்மாரும் கற்கட்டும். குழந்தைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துவரும் தாய்மாரே, வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் வேளையில் அருகில் நிற்பவளிடம் “உமக்கு இடுப்பு நோகின்றதா?” என்று ஒருமுறை கேளுங்கள். வலியைச் சொல்லிவிட்டால் அதற்கு வழியும் பிறக்கும்.