மட்பானையும் வெண்பனியும்

எம் கல்லூரியின் யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதை எழுதுவதென்று சில நாட்கள் மயங்கினோம். கல்லூரியின் வரலாற்றை எழுதத்தக்க பெரியோர் உளர். விளையாட்டுத் துறையில் அஃது ஈட்டிய புகழை எழுதத்தக்க வீரரும் உளர். யாமோ நடுவாங்கில் இருந்து, நடுத்தரமான புள்ளிகளைப் பெற்று வெளியேறியவர். ஆயினும் எம்மிடம் ஒரு கடன் எஞ்சியுள்ளது. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கற்பித்த பாடமொன்றை, இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், நோர்வே நாட்டுப் பனிக்காட்டிலே நடுநடுங்கி நின்று மீளக் கற்றோம். அக்கதையைச் சொல்வதே அக்கடனைத் தீர்க்கும் வழியென்று துணிந்தோம்.

1974 ஆம் ஆண்டு. ஆய்வுகூட விறாந்தையிலே ஒரு மட்பானையும் அதனருகே ஒரு பித்தளைக் குடமும் இருந்தன. இரண்டிலும் ஒரே கிணற்று நீர். "பானை நீர் மட்டும் ஏன் குளிர்கின்றது?" என்று ஆசிரியர் வினவினார். பானையின் நுண்டுளைகளினூடே நீர் கசிந்து ஆவியாகின்றது. ஆவியாதற்கு வேண்டிய மறைவெப்பத்தைப் பானையிடமிருந்தே கவர்ந்து செல்கின்றது என்று விடை எழுதினோம். "பானையை ஈரத் துணியாற் சுற்றிச் சோளகக் காற்றில் வைத்தால்?" என்று மேலும் கேட்டார். "இன்னும் குளிரும்" என்றோம். முழுப் புள்ளிகளும் கிடைத்தன. அத்துடன் அப்பாடத்தை மறந்தோம்.

இயல்பிலேயே யாம் மிகுதியாக வியர்ப்பவர். கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் எம் சால்வை பிழியத்தக்கதாகிவிடும். 1986 இல் எம்மவர் பலரைப் போல நோர்வேயிலுள்ள மக்கள் உயர்கல்லூரி ஒன்றில் இடம் பெற்று அந்நாடு சென்றபோது, "அந்தக் குளிரில் வியர்வையை மறந்துவிடுவீர்" என்று நண்பர்கள் வாழ்த்தி அனுப்பினர். வாழ்த்துப் பலிக்கவில்லை. குளிர் நாட்டிலும் உழைக்கும் உடல் வியர்க்கவே செய்யும். உயிர்ப்புள்ள வியர்வைச் சுரப்பிகளின் தொகை குழந்தைப் பருவத்தின் முதலாண்டுகளில் வாழ்ந்த வெப்பத்தினால் அமைகின்றது என்பது, மனித வியர்வையை ஆராய்ந்து 1956 இல் நூல் வெளியிட்ட ஜப்பானிய அறிஞர் யாசு கூனோவின் கருத்து. அஃது உண்மையாயின், யாழ்ப்பாணத்து வெயிலை யாம் தோலிலேயே சுமந்து சென்றோம் எனலாம்.

1999 பெப்ரவரியில், பள்ளி விடுமுறை நாளொன்றில், ஒன்பது வயதான எம் மகளுடன் ஒஸ்லோ நகரின் வடக்கேயுள்ள நூர்மார்க்கா காட்டுக்குப் பனிச்சறுக்கப் புறப்பட்டோம். நிலக்கீழ் இரயில் முடிவடையும் சொங்ஸ்வான் ஏரிக்கரையிலிருந்து, உல்லவோல்செத்தர் என்னும் காட்டு விடுதி வரை ஏறிச் செல்வது எம் எண்ணம். வெப்பமானி உறைநிலைக்குக் கீழே 14 பாகை காட்டிற்று. குளிருக்கு அஞ்சிய யாம் பருத்திப் பெனியன், பருத்திச் சேட்டு, தடித்த சுவெற்றர் இரண்டு, அவற்றின்மேல் காற்றும் நீரும் புகாத இறப்பர் பூசிய மேலங்கி என ஐந்து அடுக்குகளைப் பூண்டோம். மகளோ மெல்லிய கம்பளி உள்ளுடையும் மெல்லிய மேலங்கியும் மாத்திரமே அணிந்தாள். சுவெற்றர் ஒன்றை நீட்டினோம்.

"வேண்டாம் அப்பா. ஏறேக்கை வேர்க்கும். தொடங்கேக்கை கொஞ்சம் குளிரவேணும் எண்டு ரீச்சர் சொன்னவ" என்றாள்.

குழந்தையின் பேச்சென்று நகைத்தோம்.

ஏற்றத்திற் பாதி கடக்குமுன் எம் உடலில் வியர்வை ஆறாகப் பெருகிற்று. வீரத்துடன் ஏறினோமேயன்றி ஓர் அடுக்கையேனும் களையவில்லை. அப்போது மகளின் பலகைப் பூட்டொன்று பனியடைத்துக் கழன்றது. அதனைச் சரிசெய்யக் கால் மணி நேரம் நின்றோம். நின்ற சில நிமிடங்களிலேயே முதுகிலே பனிக்கட்டியை வைத்தாற்போலிருந்தது. பின்னர் பற்கள் கிட்டின. விரல்கள் பூட்டைப் பற்ற மறுத்தன. மகளுக்குச் சொல்ல முயன்ற சொல் வாயிலேயே குழறிற்று. "அப்பா, ஏன் இப்பிடிக் கதைக்கிறியள்?" என்று அவள் அழத் தொடங்கினாள். அவளைக் காக்க வந்த யாமே அக்காட்டில் அவளுக்குச் சுமையாகிவிட்டோம் என்பதை அக்கணத்தில் உணர்ந்தோம். அந்நினைவு இன்றும் எம்மைச் சுடும்.

தெய்வாதீனமாக, எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் பலகைகளில் விரைந்து வந்தார். எம்மைக் கண்டதும் கழுத்துப் பட்டியினுள்ளே விரல் விட்டுப் பார்த்தார், "பருத்தி!" என்று ஒரு சொல் சொன்னார். தம் முதுகுப்பையிலிருந்து உலர்ந்த கம்பளி உள்ளுடையொன்றை எடுத்துத் தந்து, நனைந்தவை யாவற்றையும் உடனே களையுமாறு பணித்துவிட்டு, எம் மகளின் கையைப் பிடித்தபடி மறுபுறம் திரும்பி நின்றார். வெண்பனியின் நடுவே வெற்றுடம்பினராய் நின்ற அந்த அரை நிமிடமே கொடியது. உலர்ந்த கம்பளி தோலிற் பட்ட சிறிது நேரத்தில் நடுக்கம் தணியத் தொடங்கிற்று. விடுதிவரை எம்மை அழைத்துச் சென்று, சூடான பழரசம் அருந்தச் செய்த பின்னரே அவர் விடைபெற்றார்.

விடுதியின் அடுப்பருகே இருந்தபோதுதான் ஆய்வுகூட விறாந்தை நினைவில் எழுந்தது. ஈரத் துணி சுற்றிய பானை யாமே அன்றோ! தோலின்மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஏறும்போது உடல் அவ்வெப்பத்தை உண்டாக்கித் தந்தது, நின்றதும் உற்பத்தி குறைந்தது, ஈரமோ குறையவில்லை. மேலும், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்த உடையில் எம்மைக் காப்பது நூலிழைகளிடையே தங்கிய காற்று. அவ்விடத்தை நீர் பிடித்துக்கொண்டால், ஐந்து அடுக்கும் ஓர் ஈரத் துணியேயாம்.

இப்பிழை எம்மைப் போன்ற புதியவர்க்கு மட்டும் உரியதன்று. நோர்வேயின் தலைமகனான நான்சன், 1895 மார்ச் 14 ஆம் நாள் யொஹான்சனுடன் பிராம் கப்பலை விட்டு வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார். பகலில் அவர்கள் சிந்திய வியர்வை உடையிலேயே உறைந்து இரும்புக் கவசம் போலாயிற்று. பனிக்கட்டியாகிய சட்டைக்கை உரசி அவர்தம் மணிக்கட்டைப் புண்ணாக்கிற்று. இரவில் உறக்கப்பையினுள் உடற்சூட்டினால் அக்கவசத்தை உருக்கவேண்டியிருந்தது. அத்துணைத் துன்பத்தினூடே அவர்கள் 86 பாகை 14 கலை வரை சென்றனர். அவர்கள் அணிந்திருந்ததும் கம்பளியே. கம்பளியும் உலர வழியின்றேல் கைவிடும் என்பது அதன் படிப்பினை.

அன்று தொட்டு யாம் பின்பற்றும் முறையை, குளிர்நாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும், அங்குச் செல்லவிருக்கும் இளையோர்க்கும் பயன்படுமென்று இங்கே தருகின்றோம்.

தோலை ஒட்டிய முதலடுக்கிற் பருத்திக்கு இடமில்லை. அது நீரைக் குடித்து வைத்துக்கொண்டு உலர மறுக்கும். மெல்லிய மெரினோக் கம்பளி தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீராவியை ஏற்றும் ஈரமாகத் தோன்றாது. பொலியெஸ்ரர், பொலிபுறொப்பிலீன் என்பன நீரை உட்கொள்ளா. அதனை வெளியே கடத்தி விரைவில் உலரும். ஆனால் நாற்றம் பற்றும். மிகுதியாக வியர்ப்போர்க்கு இன்னொரு வழியும் உண்டு. நோர்வீஜியப் படையதிகாரி ஹென்றிக் பிரூண் 1933 இல் மீன்வலையைக் கொண்டு உள்ளுடை செய்தார். வலைக்கண்களில் காற்றுத் தங்கும். ஈரம் தோலை விட்டு அகலும். எம் கரையோரத்து வலைகளைக் கண்டு வளர்ந்த எமக்கு இஃது இனிய வியப்பாயிற்று. யாம் வலையுடையின் மேல் மெல்லிய கம்பளி அணிகின்றோம்.

இரண்டாம் அடுக்கு மெல்லியதாக, மார்பு வரை திறக்கும் சிப் உடையதாக இருத்தல் நன்று. ஏறும்போது பெரும்பாலும் அது பைக்குள்ளேயே இருக்கும்.

மூன்றாம் அடுக்கிற்கு, உலர்ந்த குளிரில், காற்றைத் தடுக்கும் மெல்லிய துணியே போதும். பொப் கோர் 1969 இல் கண்ட நுண்டுளைப் படலம் 1976 முதல் மேலங்கிகளில் வழங்குகின்றது. அது நீர்த்துளியைத் தடுத்து நீராவியை விடும். ஆயினும் எம்மனையோர் சொரியும் அளவுக்கு அதுவும் ஈடுகொடாது; கடுங்குளிரில் ஆவி அதன் உட்புறத்திலேயே உறையும். ஈரப் பனி பொழியும் நாளில் அது வேண்டும். அப்போதும் அக்குளில் திறக்கும் சிப் உள்ளதையே கொள்ளுக. இழுவை நாற்காலியில் மேலேறி மலைச்சரிவிற் சறுக்குவோர், நாற்காலியில் அமருமுன் அதனை மூடி, சறுக்குமுன் திறத்தல் வேண்டும்.

இவற்றினும் மேலானவை இரண்டு பழக்கங்கள். ஒன்று, சிறிது குளிரும் நிலையிலேயே புறப்படுதல். வியர்வை தொடங்குமுன் அடுக்கைக் களைதலும் நடையைத் தணித்தலும் அதனுட் படும். மற்றது, உலர்ந்த உள்ளுடையொன்றையும் தடித்த மேலங்கியொன்றையும் பையிற் சுமத்தல்; நிற்கும்போது முதலில் நனைந்ததை மாற்றி, பின்னர் மேலங்கியைப் போர்த்தல்.

மூதாட்டியின் பெயரை யாம் கேட்கவில்லை. உள்ளுடையைத் திருப்பிக் கொடுக்கவும் வழியறியோம். ஆதலின் ஒவ்வொரு பனிக்காலத்திலும் எம் பையில் எமக்கென ஒன்றும், வழியிற் காணும் ஒருவர்க்கென ஒன்றுமாக இரண்டு உள்ளுடைகள் இருக்கும். இதுவரை இருமுறை அது பயன்பட்டுள்ளது.

இன்று கல்லூரி வாங்குகளில் இருக்கும் தம்பிமாரே, ஆசிரியர் காட்டும் பானையைப் புள்ளிக்காக மட்டும் நோக்காதீர். எம் ஆசிரியரின் வினாவுக்கு அன்று எழுத்தால் விடை தந்தோம். அதன் பொருளை அறிய எம் மகளின் கண்ணீர் வேண்டியிருந்தது. அவ்வினாவை எமக்குள் விதைத்த கல்லூரித்தாய் நீடு வாழ்க!